அப்பாவின் கையை உடைத்த பையன்களோடு ஒரே அறையில் உட்காருவதா?

செந்தூல் மகள்

எல்லாருக்கும் வணக்கம். ஓர் ஆலோசனை வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது. என் அப்பாவுக்கு 68 வயது. ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சாயங்காலத்தில் மோட்டர் சைக்கிளில் புட்டு மாயம் (இடியாப்பம்) விற்கிறார். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் இருக்கிறவர்கள் அவருடைய ஹாரன் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு மோட்டரில் மூன்று பையன்கள் பக்கத்தில் வந்து, பின்பெட்டிக்குள் பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். வண்டி தடுமாறி, அப்பா லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்து இப்போது உள்ளே தகடு வைத்திருக்கிறது. அவர் எழுந்ததும் முதலில் தேங்காய்ப்பூ டப்பாவைத் தேடிச் சேற்றில் துழாவுகிறார். அது வரைக்கும் படம் எடுத்து டிக்டாக்கில் போட்டிருக்கிறார்கள், பின்னால் சிரிப்புச் சத்தத்தோடு.

பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் போட்டாகிவிட்டது. பையன்கள் யார் என்றும் தெரிந்துவிட்டது. ஒருவனுக்கு 14, மற்ற இருவருக்கும் 15. போன வாரம் அவர்கள் பள்ளியின் கவுன்சிலர் போன் செய்தார். இளைஞர்களோடு வேலை செய்யும் ஓர் அம்மா இருக்கிறாராம். பையன்கள், அவர்கள் பெற்றோர், அப்பா, நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசும் ஒரு கூட்டத்தை அவர் நடத்தித் தருவாராம். சீரமைப்பு நீதி என்றார்.

அண்ணன் ஒரேயடியாக முடியாது என்கிறான். அம்மா வாயே திறக்கவில்லை. அப்பா மட்டும், "வரச் சொல்லு, ஏன்டா இப்படிப் பண்ணீங்கன்னு கேக்கணும்" என்கிறார். போகலாமா?

தாமான் அங்கிள்

கேள்வியே தப்பு, மகளே. வயசான மனுசனைக் கீழே தள்ளிக் கையை உடைத்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து கதை பேசுவதா? எங்கள் காலத்தில் அடுத்த வீட்டு மாமாவே காதைத் திருகி இழுத்துக்கொண்டு போவார், பாலாய் வரை போக வேண்டியதே இல்லை.

இந்த நாட்டில் நமக்கு நியாயம் கிடைக்கிற லட்சணம் தெரியாதா? 2024ல் இணையத்தில் துன்புறுத்தப்பட்டு நம் பெண் ஒருவர் உயிரை விட்டார். அந்த வழக்கில் ஒருவருக்கு அபராதம் 100 ரிங்கிட். ரெண்டு பேர் வெளியே போய்ச் சாப்பிட்டால் ஆகிற காசு. அப்போது மட்டும் எல்லாரும் கொதித்தோம். இப்போது நாமே போய்ப் "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு வருவதா?

வக்கீல் தம்பி

அங்கிள் சொன்ன வழக்கில் இருந்தவர்கள் பெரியவர்கள், சிறுவர்கள் இல்லை. இன்னொருவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அந்த 100 ரிங்கிட் கிளப்பிய கோபத்தில்தான் 2025 ஜூலையில் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கென்று புதிய பிரிவுகள் வந்தன. அதை அங்கேயே விட்டுவிட்டு இந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா, ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிந்துவிட்டால் தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவின்படி அது கொடுங்காயம். நீங்களும் அவர்களும் கைகுலுக்கிக்கொண்டால் கேஸ் மூடப்படும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பது சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம், அரசியலமைப்பின் 145ஆம் பிரிவு. "ரிப்போர்ட்டை இழுத்துக்கொள்ளுங்கள்" என்று பையன்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து நின்றாலும், உங்கள் கையில் அது இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உங்களுக்கு அது ஒரு பாதுகாப்பும்கூட.

வழக்கு என்று போனால் சிறார் நீதிமன்றம். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கதவு மூடியிருக்கும். குற்றம் உறுதியானால் சமூகநலத் துறையின் நன்னடத்தை அதிகாரி ஓர் அறிக்கை தருவார். அதைப் பார்த்துத்தான் உத்தரவு: கண்டித்து விடுவது, நன்னடத்தைப் பிணை, இழப்பீடு, சமூக சேவை, அல்லது சீர்திருத்தப் பள்ளிகளான துனாஸ் பக்தி பள்ளி, ஹென்றி கர்னி பள்ளி வரைக்கும் போகலாம். இழப்பீட்டைப் பெற்றோர் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு போடலாம்.

இதில் எந்த இடத்திலும் உங்கள் அப்பா அந்தப் பையனைப் பார்த்து "ஏன்டா" என்று கேட்க வாய்ப்பு வராது. சாட்சிக் கூண்டில் அவர் கேள்விக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். பையன்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் சாட்சி சொல்ல அப்பாவைக் கூப்பிட மாட்டார்கள்.

மட்டுறுத்துநர்

இந்த இழையில் அந்த வீடியோவின் சுட்டியையும், ஒரு பையனின் பள்ளிச் சீருடைப் படத்தையும் போட்டிருந்தார்கள். இரண்டையும் நீக்கிவிட்டேன். 2001 சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட சிறுவரின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. யாரும் வீரம் காட்ட வேண்டாம்.

பினாங்கு சார்

இடைநிலைப்பள்ளியில் நெடுநாள் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவன். அதனால் எச்சரிக்கையாகத்தான் சொல்வேன்.

பள்ளிகளில் "பேசித் தீர்த்தோம்" என்பார்கள். எப்படி நடக்கும் தெரியுமா? அடித்தவன், அடி வாங்கியவன் இருவரையும் ஓய்வு நேரத்தில் அறைக்குக் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். ஆசிரியர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "சாலாம் பண்ணுங்க, மாஃப் சொல்லுங்க" என்பார். பத்து நிமிடம். அடி வாங்கியவன் கையை நீட்டாவிட்டால் அவன்தான் பிடிவாதக்காரன். மணி அடித்ததும் இருவரும் ஒரே படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டும். அந்தப் படிக்கட்டில் என்ன நடக்கும் என்று எந்தக் கோப்பிலும் இருக்காது.

உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு அந்த வகையா, வேறு வகையா? முதலில் அதை விசாரியுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: கூட்டத்துக்கு முன்னால் அப்பாவைத் தனியாக வந்து பார்ப்பீர்களா? "தேவையில்லை, நேராக சனிக்கிழமை வந்துவிடுங்கள்" என்று பதில் வந்தால் போகவே வேண்டாம்.

வெலிங்டன் வாசி

சார் கேட்கச் சொன்ன கேள்வி நூற்றுக்கு நூறு சரி. நான் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ். இப்போது நியூசிலாந்தில் சமூகநலப் பணி. இங்கே இது சட்டம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1980களில் பூர்வகுடி மாவோரிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தூரத்து விடுதிகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை தவறு செய்தால் எங்களைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்வதா என்று மாவோரி மக்கள் கேட்டார்கள். 1986ல் அதைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது, மூன்று ஆண்டுகளில் சட்டம் மாறியது. 1989லிருந்து இங்கே குடும்பக் கூட்டம்தான் இளையோர் வழக்குகளின் நடுநாயகம். கொலை, மரணம் விளைவித்தல் இரண்டும் இதற்குள் வராது. சின்னத் தவறுகளைப் போலீசே எச்சரித்தும், சின்னச் சின்ன வேலை கொடுத்தும் முடித்துவிடுவார்கள். நடுவில் இருப்பவைதான் கூட்டத்துக்கு வரும்.

பையன் செய்ததை மறுத்தால் அதைக் கூட்டம் விசாரிக்காது. அது நீதிமன்றத்தின் வேலை. ஒப்புக்கொண்ட பிறகுதான் கூட்டம். பாதிக்கப்பட்டவர் வரலாம், வராமலும் இருக்கலாம், தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம், துணைக்கு ஆட்களைக் கூட்டி வரலாம். போலீஸ்காரர் என்ன நடந்தது என்று வாசிப்பார். பிறகு பாதிக்கப்பட்டவர் பேசுவார். அதற்கப்புறம் நடப்பதுதான் வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பையனின் குடும்பத்தைத் தனியே விட்டுவிட்டு மற்ற எல்லாரும் அறையை விட்டு வெளியே போய்விடுவோம். அதிகாரிகளும் இருக்க மாட்டார்கள். தாத்தா, சித்தி, அண்ணன் எல்லாரும் சேர்ந்து, "இதை நாம் எப்படிச் சரி செய்யப் போகிறோம்" என்று அவர்களே ஒரு திட்டம் போட வேண்டும். கதவைத் தாண்டிச் சத்தம் கேட்கும், அழுகை கேட்கும், சில நேரம் ஒன்றுமே கேட்காது. வெளியே வந்து அந்தத் திட்டத்தைச் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவர் "இது போதாது" என்று சொன்னால் திரும்பவும் பேச்சு.

மலேசியாவில் 2001 சிறார் சட்டம் எழுதப்பட்டபோது இந்த மாதிரிக் கூட்டம் அதில் இடம்பெறவில்லை. அதனால் உங்களைக் கூப்பிடுகிற அம்மாவின் பின்னால் சட்டம் நிற்காது. அவருடைய அனுபவமும் நேர்மையும்தான் எல்லாம். இந்த வேலையில் பெரும்பங்கு கூட்டத்துக்கு முன்னாலேயே நடந்து முடிய வேண்டும். தனித்தனியாக ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். பையன் உண்மையில் வருந்துகிறானா, கேஸுக்குப் பயந்து நடிக்கிறானா, அப்பாவுக்கு முன்னால் வைத்துச் சிரித்துவிடுவானா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியவந்தால் நாசம்.

தாமான் அங்கிள்

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. பலன் உண்டா? அதைச் சொல்லுங்கள். திரும்பத் தப்பு செய்கிறார்களா இல்லையா?

வெலிங்டன் வாசி

மழுப்பாமல் சொல்கிறேன், அங்கிள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995 முதல் 2000 வரை பெரிய சோதனை ஒன்று நடத்தினார்கள். வழக்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைக் கூட்டத்துக்கும் சிலரை நீதிமன்றத்துக்கும் அனுப்பினார்கள். அடிதடி வழக்கில் வந்த இளைஞர்களிடம் மறுகுற்றம் நன்றாகக் குறைந்தது. பொருள் திருடிய சிறுவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் பலனே இல்லை. 2013ல் சிறுவர்களுக்கான கூட்டங்களைப் பற்றி மட்டும் தொகுத்துப் பார்த்த ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவுக்கு நான்கே நான்கு தரமான ஆய்வுகள் கிடைத்தன. மறுகுற்றம் குறைகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். அதே ஆண்டு பெரியவர்களையும் சேர்த்துப் பார்த்த வேறொரு தொகுப்பு, ஓரளவு குறைகிறது என்றது.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் கணக்கு தெளிவாக இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனவர்களைவிடக் கூட்டத்துக்குப் போனவர்களுக்குப் பயமும் கோபமும் குறைந்திருக்கின்றன, மன்னிப்பு கேட்கப்பட்டது என்ற நிறைவு அதிகம். ஆனால் இங்கே நியூசிலாந்திலேயே 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வில், கூட்டத்துக்கு வந்த பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய கால் பங்கினர், வந்ததால் மனம் இன்னும் மோசமானதாகச் சொன்னார்கள். முன்தயாரிப்பு இல்லாமல் கூப்பிட்டதும், பையன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததும், ஒப்புக்கொண்ட பணம் வராமல் போனதும்தான் பெரும்பாலும் காரணம். செந்தூல் மகள், இந்தக் கால் பங்கில் அப்பா விழுந்துவிடக்கூடாது. என் கவலை அதுதான்.

ஒரு பையனோட அம்மா

இதுவரை இங்கே வாசிக்க மட்டும்தான் செய்திருக்கிறேன். என் மகன் வேறு ஒரு விஷயத்தில் மாட்டினான். படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பிள்ளையை அடித்துவிட்டான், மூக்கில் ரத்தம்.

நீங்கள் எல்லாரும் பையன்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவன் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பள்ளியிலிருந்து போன் வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் பெல்ட்டை எடுத்தார். அடி முடிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் அந்த விஷயம் முடிந்துபோனது. "அதான் வாங்கிட்டேனே" என்று மகன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளை பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் இந்த மாதிரி ஒரு சந்திப்பு நடந்தது. அந்தப் பிள்ளையின் பாட்டிதான் பேசினார். ராத்திரி அவன் தலையணையில் ரத்தம் பார்த்துப் பார்த்து உறையை மாற்றியதைச் சொன்னார். சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. என் மகன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன் கையைக் கீழே போட்டான். பெல்ட் அடிக்கு வராத அழுகை அங்கே வந்தது. அவன் திருந்திவிட்டானா என்று கேட்காதீர்கள், பதினாறு வயசு, தினமும் சண்டைதான். ஆனால் அந்தப் பாட்டியைக் கடைத்தெருவில் பார்த்தால் பையை வாங்கிக்கொண்டு கூட நடக்கிறான். அவரும் கொடுக்கிறார்.

கல்லெறிவதானால் எறியுங்கள்.

பினாங்கு சார்

யாரும் எறிய மாட்டார்கள், அம்மா. எழுதியதற்கு நன்றி.

ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரைத்வெய்ட் 1989லேயே இதைச் சொல்லிவிட்டார். செய்த காரியத்துக்காக வெட்கப்பட வைப்பது வேறு, ஆளையே "நீ கெட்டவன்" என்று முத்திரை குத்தி வெளியே தள்ளுவது வேறு. தள்ளப்பட்டவனுக்கு அவனைப் போலவே தள்ளப்பட்டவர்கள்தான் கூட்டாளி. செந்தூலிலும் பினாங்கின் பாகான் டாலாமிலும் குண்டர் கும்பலுக்கு ஆள் பிடிக்கிறவன் எந்தப் பையனைத் தேடுவான் என்று நினைக்கிறீர்கள்? பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, காலை பத்து மணிக்கு மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவனைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்களிடம் "உட்கார்ந்து பேசலாம்" என்றால் உடனே கோயில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் எல்லாரும் வந்துவிடுவார்கள். அவர்களே முக்கால் மணி நேரம் பேசுவார்கள். "நம்ம இனத்துப் பிள்ளைங்க, கேஸ் ஆனா எதிர்காலம் போயிடும், பெரிய மனசு பண்ணுங்க." அடிபட்டவர் தலையை ஆட்ட வேண்டும், ஓர் உறையில் கொஞ்சம் காசு, ஒரு மாலை, போட்டோ. நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அடிபட்டவர் ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டார். அது பஞ்சாயத்து. அங்கே காப்பாற்றப்படுவது ஊர்ப் பெயர். உங்கள் அப்பாவின் கேள்வி அங்கே எடுபடாது.

தாமான் அங்கிள்

அது உண்மைதான். அந்த மாலை, போட்டோ எல்லாம் நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எதற்கும் ஓர் எல்லை வேண்டாமா? 2017ல் பினாங்கில் அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்த பதினெட்டு வயசுப் பையனை யாரும் மறக்கவில்லை. அந்தத் தாயிடம் போய் யாராவது வட்டம் போட்டு உட்காரச் சொல்வார்களா?

வெலிங்டன் வாசி

சொல்லக்கூடாது, அங்கிள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் யாரும் அந்த யோசனையோடு போகவே கூடாது. சில நாடுகளில் வருடங்கள் கழித்துத் தாய் தகப்பனே கேட்டு, சிறைக்குள் சந்திப்பு நடந்ததுண்டு. அவர்களாகக் கேட்டால்தான். கேட்காதவரை மன்னிப்பு பற்றி அவர்கள் காதில் ஒரு வார்த்தையும் விழக்கூடாது.

செந்தூல் மகள்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி, எல்லாவற்றையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

சார் சொன்ன கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மா, "கண்டிப்பாக வருவேன், உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் பையன்கள் வீட்டுக்குப் போவேன்" என்றார். வந்தார். எங்களிடம் கொஞ்சம் பேசிவிட்டு, அப்பாவோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டான்.

அப்பா என்ன சொன்னார் என்பது அந்த அம்மா போனபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கை வலியைப் பற்றி அப்பா அதிகம் பேசவில்லையாம். அந்த வீடியோவைப் பற்றித்தான். ரயில்வேயில் கூட வேலை செய்தவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஈப்போவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போயிருக்கிறது. "சேத்துல உக்காந்திருக்கேன், ஊரே சிரிக்குது" என்றாராம். இத்தனை நாளாக நாங்கள் கைக்குத்தான் மருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இதை எங்களிடம் அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவர் கேட்டவை: படம் எடுத்தவன் கண்டிப்பாக வர வேண்டும். யாரும் காலில் விழக்கூடாது. கோயில் மண்டபம் வேண்டாம், தலைவர்கள் வேண்டாம். வண்டியையும் பெட்டியையும் சரி செய்த காசை அவர்கள் தர வேண்டும், அதுவும் அப்பன் பாக்கெட்டிலிருந்து மொத்தமாக வேண்டாம், பையன்கள் கொஞ்சமாவது உழைத்துத் தரட்டும்.

இரண்டு வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது பையனின் அப்பா, "என் மகன் வெறுமனே பின்னால் உட்கார்ந்திருந்தான், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டாராம். படம் எடுத்தவன் சம்மதித்த இருவரில் ஒருவன். அண்ணன் வருவதாகச் சொல்கிறான், ஆனால் பேச மாட்டானாம்.

வெலிங்டன் வாசி

பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சில சின்ன விஷயங்கள். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் வாசலில் சந்திக்காதபடி வர வேண்டும். அப்பா முதலில் வந்து, தனக்குப் பிடித்த நாற்காலியில் உட்காரட்டும். கதவு பக்கத்தில் இருந்தால் நல்லது, எழுந்து போக நினைத்தால் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. பையன் பதில் சொல்லாமல் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தால், யாரும் அவனுக்காகப் பேசிவிடக்கூடாது. குறிப்பாக அவன் அம்மா. ஒப்புக்கொண்டதை எல்லாம் எழுத்தில், தேதி போட்டு, யார் சரிபார்ப்பார் என்று பெயர் போட்டு வாங்குங்கள். அதை எழுதும் நேரத்தில் தேநீர் கொடுங்கள். உண்மையான பேச்சு பல நேரம் அந்தத் தேநீரின் போதுதான் நடக்கும்.

வக்கீல் தம்பி

எழுதும்போது, "இதற்கு ஈடாகப் புகாரைக் கைவிடுகிறோம்" என்ற வரி வரக்கூடாது. விசாரணை அதிகாரியிடம் கூட்டம் நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், ஒளிவுமறைவு வேண்டாம். பையன்கள் பக்கமும் வக்கீலைக் கேட்டுவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் கேஸ் இன்னும் திறந்தேதான் இருக்கிறது. வீடியோவை டிக்டாக்கில் நீக்கினாலும் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும், அது ஆதாரம்.

தாமான் அங்கிள்

நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த மனுசன் காலில் விழ வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம்: வராத மூன்றாவது பையன்? அவன் அப்படியே தப்பித்துவிடுவானா?

வக்கீல் தம்பி

இல்லை, அங்கிள். மூன்று பேர் மீதும் விசாரணை நடக்கிறது. வழக்கு வந்தால் மூவரும் போக வேண்டும். இருவருடைய அறிக்கையில் கூட்டத்துக்கு வந்ததும், காசு கட்டியதும் இருக்கலாம், மாஜிஸ்திரேட் அதைக் கவனிக்கலாம். மூன்றாமவன் அறிக்கையில் அது இருக்காது. அவன் பின்னால் உட்கார்ந்திருந்தது மட்டும்தானா என்பதை அங்கே கேட்பார்கள்.